பார்லரில் சேர் வாடகையா, கமிஷனா? சேலம் பியூட்டிஷியன்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஃபேஷியல், வேக்ஸிங், பெடிக்யூர், ஹேர், மேக்கப் என்று ஏதாவது ஒரு வேலையில் கை தேறிவிட்டது. சொந்தமாகக் கடை போட முதலீடு இல்லை, காலம் முழுக்க மாதச் சம்பளத்தில் இருக்கவும் மனமில்லை. இந்த நடுக்கட்டத்தில் இருக்கும் பெண்கள் கேட்கும் கேள்விகள் இவை. உதாரணமாகக் கொடுத்திருக்கும் வாடகையும் சதவீதமும் கணக்கு புரிவதற்காக வைத்த எண்கள்தான், மார்க்கெட் ரேட் அல்ல. உங்கள் எண்ணைப் போட்டு நீங்களே ஒருமுறை கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சேர் வாடகை, ரூம் வாடகை, கமிஷன்: மூன்றுக்கும் என்ன வித்தியாசம்?

கமிஷனில் வேலை செய்தால் கஸ்டமர் பார்லருக்குப் பணம் கொடுப்பார், பார்லர் உங்களுக்கு ஒரு பங்கு கொடுக்கும். கிரீம், வேக்ஸ், டவல், கரண்ட் எல்லாம் ஓனர் பொறுப்பு. விலையை வைப்பதும் ஓனர்தான்.

வாடகையில் இது தலைகீழ். ஒரு சேரையோ ஃபேஷியல் பெட் போட்ட சின்ன ரூமையோ மாத வாடகைக்கு எடுக்கிறீர்கள். விலை, பொருள், கஸ்டமர் எல்லாம் உங்களுடையது. நாள் முழுக்க ஒருவர்கூட வராவிட்டாலும் வாடகை நிற்காது. ஹேர் வேலை செய்பவர்கள் சேர் எடுப்பார்கள், ஸ்கின் வேலை செய்பவர்களுக்குக் கதவு சாத்தும் ரூம் வேண்டும். வித்தியாசம் அவ்வளவுதான்.

சரி, எது லாபம்? நேராகச் சொல்லுங்கள்.

கஸ்டமர் உங்களைத் தேடி வந்தால் வாடகை, பார்லரைத் தேடி வந்தால் கமிஷன். சதவீதத்தை வைத்துப் பேரம் பேசத் தொடங்குவதற்கு முன் இதற்கு விடை தெரிய வேண்டும். பலரும் இதை விட்டுவிட்டு, 'எனக்கு 35 தருகிறார்கள், அவளுக்கு 40 தருகிறார்கள்' என்பதிலேயே நின்றுவிடுகிறார்கள்.

கஸ்டமர் என்னைத் தேடி வருகிறாரா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? எல்லாரும் சிரித்துப் பேசிவிட்டுத்தான் போகிறார்கள்.

சிரிப்பை நம்பாதீர்கள். மூன்று மாதம் ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒவ்வொரு பில்லுக்கும் எதிரே மூன்றில் ஒன்றைக் குறியுங்கள்: உங்கள் பெயரைச் சொல்லிக் கேட்டு வந்தவர், சும்மா வாக்-இன்னாக வந்தவர், ஓனர் உங்கள் பக்கம் திருப்பிவிட்டவர். மாதக் கடைசியில் முதல் வகையின் தொகையை மட்டும் கூட்டுங்கள். உங்களுடைய தொழில் என்று சொல்லிக்கொள்ளக்கூடியது அதுதான்.

அதிலும் ஒரு கழிவு உண்டு. ஐந்து ரோட்டில் ஆபீஸ் முடிந்து நடந்து வருகிற தூரத்தில் இருப்பதால் வருகிறவர், நீங்கள் அம்மாபேட்டைக்கு மாறினால் வர மாட்டார். உங்களைப் பிடிக்காமல் அல்ல, ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு சிக்னல் சிக்னலாக நிற்க அவருக்கு நேரமில்லை.

இன்னொரு சோதனை உங்கள் லீவு நாள். நீங்கள் இல்லாதபோது வந்தவர் 'அவங்க எப்ப வருவாங்க?' என்று கேட்டுவிட்டுத் திரும்பினாரா, இருக்கிற ஆளிடம் செய்துகொண்டு போனாரா? ரிசப்ஷனில் இருக்கும் பெண்ணிடம் கேட்டால் தெரிந்துவிடும்.

வேலையைப் பொறுத்தும் இது மாறும். த்ரெட்டிங்குக்கு யாரும் காத்திருப்பதில்லை, கை காலியாக இருப்பவரிடம் உட்கார்ந்துவிடுவார்கள். ஃபேஷியலும் வேக்ஸிங்கும் அப்படியல்ல. உடம்பில் கை படுகிற வேலை என்பதால் ஒரு கை பழகிவிட்டால் பெண்கள் எளிதில் மாற்றுவதில்லை. ஹேர் கலர், ஸ்மூத்தனிங் போன்றவற்றில் பயமும் சேர்ந்துகொள்கிறது. ஒருமுறை நன்றாக வந்தால் அதே ஆளைத்தான் தேடுவார்கள். ஆகவே உங்கள் பில்லில் பெரும்பகுதி த்ரெட்டிங் என்றால் வாடகைக்குப் போக யோசியுங்கள்.

கணக்குப் போட்டுக் காட்ட முடியுமா?

ஒருவர் பார்லரில் மாதம் 50,000 ரூபாய்க்கு வேலை செய்கிறார், கமிஷன் 35 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். கைக்கு வருவது 17,500. அதே வேலையை வாடகை ரூமில் செய்தால் பொருள் செலவு 20 சதவீதம், அதாவது 10,000 போகும். வாடகை 9,000, கரண்ட் பங்கு, டவல் துவைக்க, சில்லறைச் செலவு என்று 3,000, ஆக 12,000. மீதி 28,000. பார்த்தவுடன் வாடகைதான் என்று தோன்றும்.

மாதம் 15,000 ரூபாய்க்குத்தான் வேலை நடந்தது என்றால்? கமிஷனில் 5,250 வரும். வாடகையில் பொருளுக்கு 3,000 போய், மீதி 12,000-ம் அப்படியே ஓனர் கைக்கும் மற்ற செலவுக்கும் போய்விடும். உங்களுக்கு ஒன்றுமில்லை. இரண்டும் சமமாகிற இடம் சுமார் 26,700 ரூபாய். அதற்குக் கீழே கமிஷன், மேலே வாடகை.

ஒரு மாதத்தை வைத்து முடிவு செய்யக்கூடாது, வருஷத்தைப் பாருங்கள். ஏழு மாதம் 50,000, மூன்று மாதம் 30,000, இரண்டு மாதம் 15,000 என்றால் மொத்தம் 4,70,000. கமிஷனில் கிடைப்பது 1,64,500. வாடகையில் 2,32,000. வித்தியாசம் 67,500 ரூபாய்.

அந்த 4,70,000-மும் அப்படியே உங்களோடு புது இடத்துக்கு வருமா என்பதுதான் கேள்வி. 60 சதவீதம் மட்டும் வந்தால் வருஷத்துக்கு 2,82,000. பொருளும் வாடகையும் போக மிஞ்சுவது 81,600. கமிஷனில் கிடைத்ததில் பாதிதான். இந்த எண்களை வைத்துப் பார்த்தால், பழைய வேலையில் 82 சதவீதமாவது கூட வந்தால்தான் வாடகையும் கமிஷனும் சமமாகும். நோட்டு எழுதச் சொன்னது இதற்காகத்தான். முதல் வகை கஸ்டமரின் பில் மொத்தத்தில் பாதிகூட வரவில்லை என்றால் இன்னும் ஒரு வருஷம் கமிஷனிலேயே இருந்து பெயரைச் சம்பாதியுங்கள்.

புதிதாக வாடகைக்குப் போகிறவர்கள் கஸ்டமரை இழுக்க விலையைக் குறைப்பார்கள். பத்து சதவீதம் குறைத்தால் வரவு பத்து சதவீதம் குறையும். ஆனால் தடவுகிற கிரீமும் கட்டுகிற வாடகையும் குறையாது, முழுக் குறைவும் உங்கள் பங்கில்தான் விழும். முதல் நாளே விலை குறைப்பது என்ற யோசனை எனக்குப் பிடிப்பதில்லை.

ஆடியிலும் மார்கழியிலும் என்ன செய்வது?

வாடகைக்குப் போகிறவர்களுக்குப் பெரிய பயம் இதுதான், நியாயமான பயமும்கூட. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. பிரைடலோடு சேர்ந்து வரும் சொந்தக்காரப் பெண்களின் ஃபேஷியல், சாரி டிரேப்பிங், மெஹந்தி எல்லாம் சேர்ந்தே நின்றுவிடும். புரட்டாசியிலும் பல வீடுகளில் நல்ல காரியம் வைப்பதில்லை.

ஆடியில் கோட்டை மாரியம்மன் திருவிழா சமயத்தில் ஊரே கூடினாலும் அது பெரிய பில் தருகிற கூட்டமல்ல. த்ரெட்டிங், மெஹந்தி என்று சின்ன வேலைகள் கொஞ்சம் வரும். இஸ்லாமிய வீட்டுக் கல்யாணங்களுக்கு ஆடித் தடை இல்லை. கோட்டைப் பக்கம் கஸ்டமர் வைத்திருப்பவர்களுக்கு அந்த மாதம் அவ்வளவு காய்ந்துபோகாது.

வாடகை பேசும்போதே ஆடி, மார்கழி இரண்டுக்கும் பாதி வாடகை என்று கேளுங்கள். 'அப்ப தை, வைகாசியில அதிகமா தரியாம்மா?' என்று ஓனர் திருப்பிக் கேட்பார். தருகிறேன் என்று சொல்லுங்கள். நல்ல மாதத்தில் ஆயிரம் ரூபாய் கூடப் போவது வலிக்காது. ஆடியில் ஆயிரம் ரூபாய் புரட்டுவது வலிக்கும்.

கமிஷன் 40 சதவீதம் என்கிறார்கள். அது நல்ல ரேட்தானே?

எதன் மேல் 40 என்று கேட்டீர்களா? போர்டில் போட்ட விலையின் மேலா, டிஸ்கவுன்ட் கழித்த பிறகா? ஜி.எஸ்.டி. சேர்த்தா, இல்லாமலா? பொருள் செலவைக் கழித்துவிட்டு மீதியில் கணக்கிடும் இடங்களும் உண்டு. 1,500 ரூபாய் ஃபேஷியலில் 20 சதவீதம் ஆஃபர் போட்டால் 1,200. அதில் கிட் விலை 300 கழித்தால் 900. அதில் 40 சதவீதம் 360. போர்டு விலையோடு ஒப்பிட்டால் நீங்கள் வாங்குவது 24 சதவீதம். வேறொரு பார்லரில் கழிவு எதுவும் இல்லாமல் 30 சதவீதம் தருவதாகச் சொன்னால் அதுதான் பெரியது.

ஆஃபர் போடுவது ஓனர் முடிவு என்றால் அதன் நஷ்டமும் ஓனருடையதாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. கேட்டுப் பாருங்கள், எல்லாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

பேக்கேஜ் பில்லில்தான் சண்டை அதிகம். 2,999-க்கு ஃபேஷியல், பெடிக்யூர், ஹேர் ஸ்பா, த்ரெட்டிங் நான்கும் என்று போடுவார்கள், நான்கையும் மூன்று பேர் செய்வார்கள். அந்தத் தொகையை யாருக்கு எவ்வளவு என்று பிரிக்கும் அட்டவணை முன்கூட்டியே இருக்க வேண்டும். மெம்பர்ஷிப் கார்டில் கஸ்டமர் ஆறு மாதம் முன்பே பணம் கட்டியிருப்பார். இன்று அவருக்கு வேலை செய்கிற உங்களுக்கு இன்று கமிஷன் உண்டா? வேலை சரியில்லை என்று திரும்ப வந்தால் இரண்டாம் முறைக்குக் கூலி உண்டா? ஷாம்பூ, சீரம் விற்றுக் கொடுத்தால் தனிப் பங்கா? டிப்ஸ் உங்களுக்கா, பொது டப்பாவுக்கா? இவை எல்லாவற்றுக்கும் விடை ஒரு பேப்பரில் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பி 'சரி' என்று பதில் வாங்கினாலும் போதும்.

சம்பளமும் இன்சென்டிவும் சேர்த்துத் தருகிறார்கள். அது இரண்டையும்விட நல்லதா?

வேலைக்குச் சேர்ந்த முதல் இரண்டு மூன்று வருஷத்துக்கு நல்லது. 12,000 சம்பளமும் செய்த வேலையில் 10 சதவீதமும் என்றால், மேலே சொன்ன 50,000 மாதத்தில் 17,000 வரும், 15,000 மாதத்தில் 13,500 வரும். டல் மாதத்தின் பாரத்தை ஓனர் சுமக்கிறார். டார்கெட் எட்டினால்தான் இன்சென்டிவ் என்ற நிபந்தனை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். சம்பளத்தைப் போல மூன்று மடங்கு வேலை முடித்த பிறகுதான் இன்சென்டிவ் தொடங்கும் என்றால், 36,000 தாண்டும் வரை உங்களுக்கு வெறும் சம்பளம்தான்.

வாடகைக்குள் என்னென்ன அடங்கும்?

ஏ.சி., கீசர், வேக்ஸ் ஹீட்டர், ட்ரையர் ஓடும் கரண்ட் பில் கடைக் கட்டணத்தில் வரும், வீட்டு மின் கட்டணம் போல அல்ல. பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்பதால் முதல் மாதம் தெரியாது, அப்புறம் ஒரே அடியாக விழும். சப்-மீட்டர் வைத்தால் இருவருக்கும் நல்லது.

தண்ணீர் எது என்று பாருங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் ஹேர் வேலை செய்கிறவருக்குக் கெட்ட பெயர், ஷாம்பூ நுரைக்காது, முடி முரடாகும். ஹேர் வாஷ் பேசினை யார் யார் எப்போது பயன்படுத்தலாம், ரிசப்ஷன் போனில் உங்களைக் கேட்டு வரும் அழைப்பை யார் எடுப்பார்கள், போர்டில் உங்கள் பெயர் வருமா, ஷட்டர் சாவி உங்களிடம் இருக்குமா, ஞாயிற்றுக்கிழமை திறக்கலாமா என்பதெல்லாம் பேச வேண்டியவை. இரவு எட்டு மணிக்கு மேல் தனியாக ரூமில் கஸ்டமரோடு இருக்க வேண்டி வந்தால் கடையில் வேறு யார் இருப்பார்கள் என்பதையும் கேளுங்கள். அதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை.

பெயர்தான் வாடகை. ஆனால் காலை ஒன்பதுக்கு வர வேண்டும், அவர்கள் யூனிஃபார்ம், அவர்கள் சொன்ன விலை. இது எப்படி?

இது வாடகை அல்ல. நேரம், விலை, உடை, லீவு எல்லாவற்றையும் ஓனர் தீர்மானித்தால் நீங்கள் வேலைக்காரர்தான். பேப்பரில் என்ன பெயர் எழுதினாலும் தகராறு என்று வந்தால் நடைமுறையைத்தான் பார்ப்பார்கள். இப்படிப்பட்ட ஏற்பாட்டில் நஷ்டம் முழுக்க உங்களுக்கு, அதிகாரம் முழுக்க அவர்களுக்கு. வாடகை கொடுக்கிறீர்கள் என்றால் உங்கள் விலையை நீங்கள் வைக்க வேண்டும், பணம் உங்கள் க்யூ.ஆர். கோடுக்கு வர வேண்டும், அப்பாயின்ட்மென்ட் நோட்டு உங்களிடம் இருக்க வேண்டும். மூன்றில் இரண்டு இல்லையென்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கமிஷனில் இருந்தால் இ.எஸ்.ஐ., பி.எஃப். கிடைக்கும் என்கிறார்களே?

பார்லரைப் பொறுத்தது. இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகளுக்குத்தான் கட்டாயம், பி.எஃப். (சேமநிதி) இருபது பேராவது இருந்தால். சேலத்துத் தெருக்களில் நாம் பார்க்கிற நான்கைந்து பேர் பார்லர்களில் இரண்டுமே இருக்காது. அங்கே கமிஷனில் இருப்பதால் பாதுகாப்பு என்று நினைப்பது வெறும் நினைப்புதான்.

பெரிய பிராண்டு சலூன்களில் இருந்தால் கதை வேறு. மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவர்களுக்கு இ.எஸ்.ஐ. உண்டு. உங்கள் பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். உடம்பு முடியாமல் படுத்தால் சம்பளத்தில் 70 சதவீதம் வருஷத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். பிரசவத்துக்கு 26 வாரச் சம்பளம் உண்டு, அதற்கு முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் (ஒரு காலம் ஆறு மாதம்) 70 நாளுக்காவது பணம் கட்டியிருக்க வேண்டும். இரண்டு வருஷத்துக்குள் குழந்தை பெறும் எண்ணம் இருப்பவர், இ.எஸ்.ஐ. உள்ள வேலையை விட்டுச் சேர் வாடகைக்குப் போவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பிரசவம் முடித்துவிட்டுப் போகலாம், சேர் எங்கேயும் ஓடிப்போகாது.

ஜி.எஸ்.டி. எனக்கு வருமா?

வருஷ வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டாத வரை சேவைத் தொழிலுக்குப் பதிவு தேவையில்லை. ஒரு சேரில் ஒருவர் செய்யும் வேலையில் அதைத் தாண்டுவது கஷ்டம்.

ஆனால் ஓனரிடம் ஜி.எஸ்.டி. பதிவு இருந்தால் உங்கள் சேர் வாடகைக்கு 18 சதவீதம் சேர்ப்பார். 9,000 வாடகை 10,620 ஆகும். வருஷத்துக்கு 19,440 ரூபாய் கூடுதல், அதைத் திரும்ப எடுக்க உங்களுக்கு வழியில்லை. முன்னே பார்த்த 67,500 லாபத்தில் இந்தத் தொகை காணாமல் போகும். வாடகை பேசும்போது 'ஜி.எஸ்.டி. உள்பட எவ்வளவு?' என்று கேட்பது இதனால்தான்.

பார்லர் சேவைக்கான வரி 2025 செப்டம்பர் 22 முதல் 18-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. கூடவே, கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் வசதியும் போனது. அதனால் பதிவு செய்துகொண்டாலும் வாடகைக்குக் கட்டிய 18 சதவீதம் திரும்ப வராது.

நன்றாக ஓடும் பார்லர் ஓனர் திடீரென்று 'இனிமேல் வாடகை முறைக்கு மாறிடலாம்' என்று சொன்னால் அதற்கும் இங்கே ஒரு காரணம் இருக்கலாம். கமிஷன் முறையில் நீங்கள் செய்த வேலையின் முழு பில்லும் அவர் வரவில் சேரும், வாடகை முறையில் வாடகை மட்டும்தான் சேரும். 20 லட்சம் வரம்பை நெருங்குகிறவருக்கு அது பெரிய வித்தியாசம். அதில் தப்பொன்றுமில்லை. ஆனால் அவருக்கும் ஆதாயம் இருக்கிறது என்று தெரிந்தால் நீங்கள் வாடகையைக் குறைத்துப் பேசலாம் அல்லவா?

வருமான வரி? பேங்க் லோன்?

வாடகையில் இருப்பவர் வியாபாரம் செய்கிறவர். 2 கோடிக்குக் கீழ் வரவு உள்ளவர்கள் மொத்த வரவில் 8 சதவீதத்தை, யு.பி.ஐ., பேங்க் வழியாக வந்த பகுதிக்கு 6 சதவீதத்தை லாபமாகக் காட்டும் எளிய முறை இருக்கிறது. உண்மையான லாபம் அதைவிட அதிகம் என்றால் அதைக் காட்டுவதுதான் சரி, கடனுக்கும் உதவும். புதிய வரி முறையில் 2025-26 முதல் 12 லட்சம் வருமானம் வரை வரி கட்ட வேண்டியதில்லை என்பதால் பயப்பட ஒன்றுமில்லை. தாக்கல் மட்டும் தவறாமல் செய்யுங்கள்.

வீட்டுக் கடன், வண்டிக் கடன் என்று போனால் சம்பளக்காரரிடம் பே ஸ்லிப் கேட்பார்கள், உங்களிடம் வருமான வரித் தாக்கலைக் கேட்பார்கள். அது இல்லாமல் ரொக்கமாகவே சம்பாதித்தவர்களுக்கு வருமானம் இருந்தும் கடன் கிடைப்பதில்லை. உபகரணம் வாங்க மத்திய அரசின் முத்ரா கடன் திட்டத்தின் சிஷு பிரிவில் 50,000 வரை ஈடில்லாமல் கேட்கலாம். உத்யம் பதிவு (சிறுதொழில் என்று அரசிடம் செய்யும் பதிவு) இலவசம். அதற்கு யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

ஓனரே வாடகைக்குத்தான் இருக்கிறார். எனக்குச் சேர் விடலாமா?

கட்டட உரிமையாளரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் உள்வாடகை விடக்கூடாது என்பதுதான் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம். பார்லர் ஓனரிடம் அந்தக் கடிதம் இருக்கிறதா, அவருடைய ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்று கேளுங்கள். அவருக்கு இன்னும் நான்கு மாதம்தான் பாக்கி என்றால் நீங்கள் அங்கே வால் பேப்பர் ஒட்டிச் செலவு செய்வதில் அர்த்தமில்லை.

வேலையை விட்டால் இரண்டு வருஷம் சேலத்தில் எங்கேயும் வேலை செய்யக்கூடாது என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். நான் மாட்டிக்கொண்டேனா?

இல்லை. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 27-ஆம் பிரிவுப்படி, ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது. வேலையில் இருக்கும்போது வேறு இடத்தில் செய்யக்கூடாது என்பது செல்லும், விட்ட பிறகு செல்லாது.

அதற்காக ரிஜிஸ்டரைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போகலாம் என்று அர்த்தமில்லை. கமிஷனில் இருக்கும்போது அந்தக் கஸ்டமர் லிஸ்ட் பார்லருடையது. உங்களைத் தேடுகிறவர் இன்ஸ்டாகிராமில் தேடிக் கண்டுபிடிப்பார், உங்கள் பெயரில் ஒரு பக்கத்தை இன்றைக்கே தொடங்கி வையுங்கள்.

ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை யாரிடமும் கொடுத்து வைக்காதீர்கள். கோர்ஸ் சொல்லிக் கொடுத்ததற்காக பாண்டு (இத்தனை காலம் விலக மாட்டேன் என்று எழுதிக் கொடுப்பது) என்று வந்தாலும் நகல் போதும்.

கஸ்டமருக்கு அலர்ஜி வந்தால், வேக்ஸ் சுட்டுவிட்டால் யார் பொறுப்பு?

கமிஷனில் முதலில் பார்லர் பதில் சொல்லும். வாடகையில் நீங்கள்தான், உங்கள் பெயரில் பில் போட்டவர் நீங்கள். ஹேர் டையில் உள்ள பி.பி.டி. என்ற ரசாயனம் சிலருக்கு முகமெல்லாம் வீங்க வைக்கும். 48 மணி நேரம் முன்பே காதுக்குப் பின்னால் பேட்ச் டெஸ்ட் செய்து, தேதியோடு எழுதி வையுங்கள். கஸ்டமர் 'போன தடவையும் இதேதான் போட்டேன்' என்பார், போன தடவை வராத அலர்ஜி இந்தத் தடவை வரலாம். மருந்து கலந்த கிரீம், ஊசி போடும் வேலை எதிலும் கை வைக்க வேண்டாம், அது டாக்டர் வேலை.

பிரைடல் ஆர்டர் வெளியில் போய்ச் செய்கிறேன். அதற்கும் பார்லருக்குப் பங்கு தர வேண்டுமா?

பார்லர் போனுக்கு வந்த ஆர்டர் என்றால் தர வேண்டும். உங்கள் சொந்தப் பக்கத்தில் வந்த ஆர்டர், உங்கள் லீவு நாளில், உங்கள் பொருளில் செய்தால் பங்கு கேட்பது நியாயமில்லை. ஆனால் முகூர்த்த நாள் எல்லாம் பார்லருக்கும் பிஸியான நாள், லீவு கிடைக்காது. கமிஷனில் சேரும்போதே 'மாதத்தில் இரண்டு முகூர்த்தம் எனக்கு' என்று பேசி வைத்துக்கொள்வது ஒரு வழி. வருஷத்தில் பிரைடல் வரவு பாதியைத் தாண்டிவிட்டது என்றால் உங்களுக்குச் சேர் வாடகையும் தேவையில்லை, கமிஷனும் தேவையில்லை. ஒரு மேக்கப் பெட்டியும் ட்ரயலுக்கு வீட்டில் ஒரு ரூமும் போதும்.

ஏற்காட்டில் ரிசார்ட் ஸ்பாவில் ரூம் தருகிறேன் என்கிறார்கள். போகலாமா?

வாடகைக்கு வேண்டாம், சதவீதத்துக்கு என்றால் போகலாம். அங்கே வருகிறவர் ரிசார்ட்டின் விருந்தாளி. இன்று மசாஜ் செய்துகொண்டு நாளை பெங்களூருக்கோ சென்னைக்கோ போய்விடுவார், நீங்கள் எவ்வளவு நன்றாகச் செய்தாலும் அடுத்த மாதம் உங்களைத் தேடி மலை ஏற மாட்டார். ஏப்ரல், மே சீசன், கோடை விழாச் சமயம், சனி ஞாயிறு என்று கூட்டம் சில நாளில் குவியும், மற்ற நாளில் மலை அமைதியாக இருக்கும். அந்த அமைதிக்கு நீங்கள் வாடகை கட்டக்கூடாது.

சேலத்திலிருந்து 30 கிலோமீட்டர்தான் என்றாலும் 20 கொண்டை ஊசி வளைவு. தினமும் பஸ்ஸில் போய் வந்து, நாள் முழுக்க நின்று வேலை செய்து திரும்பினால் இடுப்பு தாங்காது. தங்க இடமும் சாப்பாடும் சேர்த்துப் பேசுங்கள். கோடையில் தண்ணீர் லாரியில் வருகிற இடமா என்றும் கேளுங்கள், பெடிக்யூருக்கு அது முக்கியம். ஏற்காடு டவுனிலேயே வீடு உள்ளவர், ஊர்க்காரர்களையும் எஸ்டேட் குடும்பங்களையும் பள்ளி ஆசிரியைகளையும் கஸ்டமராக வைத்திருப்பவர் என்றால் டவுனில் சின்ன வாடகை ரூம் தாங்கும். அது வேறு கணக்கு.

நாள் வாடகை கிடைக்குமா?

கேட்டால் கிடைக்கும். வெள்ளி, சனி, ஞாயிறு மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற நாளில் வேறு இடத்தில் சம்பளத்துக்கு இருக்கலாம், அந்த இடம் சம்மதித்தால். கஸ்டமர் கூட வருவார்களா என்று சோதிக்க இதைவிட மலிவான வழி இல்லை.

வாடகையும் பயம், கமிஷனும் போதவில்லை. நடுவில் எதுவும் இல்லையா?

இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். நிலையான வாடகைக்குப் பதில் பில்லில் 40 சதவீதத்தை நீங்கள் ஓனருக்குத் தருகிறீர்கள், கரண்ட் அவருடையது, பொருள் உங்களுடையது. மாதம் 4,000-க்குக் குறையாமல் தருவதாக ஓர் உறுதி. 50,000 மாதத்தில் ஓனருக்கு 20,000, பொருள் 10,000 போக உங்களுக்கு 20,000. 15,000 மாதத்தில் ஓனருக்கு 6,000, பொருள் 3,000, உங்களுக்கு 6,000. இரண்டு மாதத்திலும் 35 சதவீதக் கமிஷனைவிட அதிகம், ஆடியில் சுழியமும் இல்லை. நல்ல மாதத்தில் ஓனருக்கு நிலையான வாடகையைவிடக் கூடக் கிடைப்பதால் உங்களுக்குக் கஸ்டமர் அனுப்பவும் அவருக்கு ஆசை வரும். ஒரே நிபந்தனை, பில் ஒன்றுகூட விடாமல் எழுத வேண்டும். நம்பிக்கை இல்லாத இடத்தில் இந்த முறை இரண்டு மாதம்கூட ஓடாது.

அட்வான்ஸ் எவ்வளவு கொடுக்கலாம்? விலகும்போது என்ன?

ஒரு சேருக்கோ ரூமுக்கோ இரண்டு மூன்று மாத வாடகைக்கு மேல் கொடுக்க வேண்டாம், பேங்க் வழியாகவே கொடுங்கள். பதினொரு மாத ஒப்பந்தத்தை ஸ்டாம்ப் பேப்பரில் எழுதுவது வழக்கம். அதில் விலக ஒரு மாத நோட்டீஸ், அட்வான்ஸ் திரும்ப வரும் தேதி, எதற்கெல்லாம் அதில் பிடிக்கலாம், நீங்கள் கொண்டுவந்த ஸ்டீமர், பெட், டிராலியின் பட்டியல் இவை கட்டாயம் இருக்கட்டும். பட்டியலில் இருவரும் கையெழுத்துப் போட்டு, பொருள்களைப் போனில் படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முகூர்த்த மாதத்தின் நடுவில் காலி செய்யச் சொல்லக்கூடாது என்று ஒரு வரியும் சேருங்கள். அட்வான்ஸ் வாங்கி வைத்திருக்கும் பிரைடல் ஆர்டர்களை முடித்துக் கொடுக்கும் வரை இடம் உங்களிடம் இருக்க வேண்டும்.